அம்மாவுக்கு ஒரு கடிதம்: எழுதுவதிலிருந்து வாசித்துக் காட்டுவது வரை

"அம்மா, எனக்காக நீ செஞ்ச எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி" என்று திடீரென்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வரும் பதில், "என்னடா ஆச்சு உனக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பதாகத்தான் இருக்கும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தமிழில் 'நன்றி' என்பது மேடையில் பேசி முடிப்பவர் சொல்லும் சொல், வழி காட்டிய முன்பின் தெரியாதவருக்குச் சொல்லும் சொல். வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தால், கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிற மாதிரி ஒரு தொனி வந்துவிடுகிறது. 'ஐ லவ் யூ' இன்னும் மோசம். சிலருக்கு நாக்கு எழும்பாது, சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி அந்தச் சொல்லை நம்பி இல்லை. அவர் செய்தவற்றில் இரண்டு மூன்றை, அவர் செய்த விதத்தோடு திருப்பிச் சொல்வதுதான் இங்கே வழி. "நீ செய்ததை நான் பார்த்தேன், அது இன்னும் என்னிடம் இருக்கிறது" என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், நன்றி என்ற சொல் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அதற்குக் கைக்கு அடக்கமான வடிவம் கடிதம். பேச்சில் நழுவிப்போவது எழுத்தில் நிற்கும். அவர் தனியாக இருக்கும்போது இரண்டாம் முறை எடுத்துப் பார்க்கவும் முடியும்.

மனதுக்குத் தெம்பாக இரண்டு ஆய்வுகள். 2005இல் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தனக்கு நல்லது செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, ஒரு வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது, மனச்சோர்வு குறைந்தது, அது ஒரு மாதம் வரை தெரிந்தது. அதன் பிறகு தேய்ந்தும் போனது. இதைக் கடைசியில் மறுபடி எடுத்துக்கொள்வோம். 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி இருவரும் பார்த்தது வேறொன்று: எழுதுகிறவர்கள், வாங்குகிறவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று உள்ளதைவிட அதிகமாக நினைக்கிறார்கள், அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எழுதுகிறவரின் கவலை 'வார்த்தை சரியாக வந்திருக்கிறதா' என்பது. வாங்குகிறவர் கவனிப்பது அந்த ஈரத்தை. எழுத்துப்பிழை பற்றிப் பயப்பட வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தம்.

எந்த நாள்?

அன்னையர் தினம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அன்றைக்கு எல்லோருடைய போனிலும் ரோஜாப்பூப் படம் வந்து விழும், உங்கள் கடிதமும் அந்த வரிசையில் சேர்ந்துவிடும். இந்த நாளைத் தொடங்கிவைத்த ஆனா ஜார்விஸே பின்னாளில் இதற்கு எதிரியானார். 1908 மே மாதம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் தன் தாயின் நினைவாக முதல் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் அவர். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் மே இரண்டாம் ஞாயிறை அதற்குரிய நாளாக அறிவித்தார். பிறகு அச்சடித்த வாழ்த்து அட்டைகளும் பூ வியாபாரமும் பெருகியதைப் பார்த்து, 1948இல் இறக்கும்வரை அதை எதிர்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பெயரில் 'தாய்' ஒருமையில்தான் இருக்க வேண்டும், ஒவ்வொரு குடும்பமும் தன் தாயை நினைக்கும் நாள் அது என்பதிலும் பிடிவாதமாக இருந்தார். தமிழில் நாம் அதை 'அன்னையர்' என்று பன்மையாக்கிவிட்டோம், போகட்டும்.

காரணமே இல்லாத ஒரு நாள்தான் நல்ல நாள். இன்றிலிருந்து பத்து நாள் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி குறிக்காவிட்டால் இது முடியாது. 'இன்னும் நல்லா எழுதணும்' என்றே பெட்டிக்குள் கிடக்கும்.

முதல் வேலை: சேகரிப்பு

எடுத்த எடுப்பில் கடிதத்தைத் தொடங்காதீர்கள். தொடங்கினால் முதல் வரியே "பத்து மாதம் சுமந்து பெற்று" என்று வரும், அங்கிருந்து மேலே போகாது. முதல் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம், துண்டு துண்டாகக் குறிப்பு மட்டும் எடுங்கள். ஒரு குறிப்புக்கு ஒரே வரி. இருபது குறிப்பு சேர வேண்டும். அதில் மூன்றுதான் கடிதத்துக்குள் போகும்.

'அம்மா எனக்கு என்ன செய்தார்?' என்று மனதைக் கேட்டால் அது பொதுவாகத்தான் பதில் சொல்லும். கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன் அவர் கையில் என்ன இருக்கும்? எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் மறைத்ததில் பின்னால் எனக்குத் தெரியவந்தது எது? முடியவே முடியாது என்று அவர் மறுத்தது எது, அது இன்று எனக்கு எப்படிப் படுகிறது? தனக்கென்று வைத்திருந்து எனக்காக விட்டது எது? என் வாயில் வரும் அவருடைய சொல் எது? துணி மடிப்பதிலோ சில்லறை எண்ணுவதிலோ கோபப்படுவதிலோ அவரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் எது? இவற்றில் நாலுக்கு உண்மையான பதில் கிடைத்தாலே குறிப்புகள் தானாக வளரும்.

இரண்டாம் நாள் பழைய புகைப்படங்களை எடுங்கள். படத்தில் நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தில் அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். பல படங்களில் அவர் இருக்கவே மாட்டார். ஏன் இல்லை என்று யோசித்தால் அதுவே ஒரு குறிப்பு.

மூன்றாம் நாள் ஒரு போன். சித்தி, பெரியம்மா, மாமா, அக்கா, யார் வேண்டுமானாலும் சரி. "நான் கைக்குழந்தையா இருந்தப்ப அம்மா எப்படிச் சமாளிச்சாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உங்களுக்கு நினைவே இல்லாத ஐந்து வயதுக்கு முந்தைய காலம் அவர்களிடம்தான் இருக்கிறது. கேட்கிற சாக்கில் இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் அம்மா செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பது, உண்மையில் பாட்டியோ அத்தையோ செய்ததாக இருக்கலாம். ஆண்டோ வகுப்போ தப்பினால் அம்மாவே சிரித்துக்கொண்டு திருத்துவார். ஆள் மாறிப்போனால் வலிக்கும்.

மூன்றைத் தேர்ந்தெடுப்பது

இருபதில் மூன்று. ஒன்று சிறுவயதிலிருந்து, ஒன்று கடந்த ஓரிரு ஆண்டுக்குள்ளிருந்து, இன்னொன்று நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது. மூன்றுமே பழைய கதையாக இருந்தால், 'இப்போது நான் எதற்கும் பயன்படவில்லை' என்று ஒரு மூத்த தாய்க்குத் தோன்ற வாய்ப்பு உண்டு. அண்மைக் காலத்துக் குறிப்பு அதற்காகத்தான்.

ஒவ்வொரு குறிப்பையும் ஒரு கேள்வியால் உரசிப் பாருங்கள்: இதே வரியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் அம்மாவுக்கு எழுதலாமா? எழுதலாம் என்றால் அடித்துவிடுங்கள்.

சில நினைவுகள் உங்களுக்குப் பெருமையாகவும் அவருக்கு அவமானமாகவும் இருக்கும். கைமாற்று வாங்க அவர் யார் வீட்டு வாசலில் நின்றார் என்பது உங்கள் கண்ணுக்குத் தியாகம். அவருக்கு அது மறக்க நினைக்கும் மாலை. கணவரோடும் மாமியாரோடும் வந்த சண்டைகளும் அப்படித்தான். இவற்றைத் தொட வேண்டுமென்றால், அந்த அவமானத்தை விட்டுவிட்டு, மறுநாள் காலை அவர் வழக்கம்போல் எழுந்து தலை வாரிவிட்டதை எழுதலாம். அவருக்குப் புரியும்.

எழுதுவது

உட்கார்ந்து எழுத ஒரு மணி நேரம் போதும். அளவு சுமார் 200 சொற்கள். நிதானமாக வாசித்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். நாலாவது நிமிடம் தாண்டினால் கேட்பவருக்கு எங்கே பார்ப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும்.

முதலில் விளி. 'அன்புள்ள தாயாருக்கு, தங்கள் மகன் எழுதிக்கொள்வது' என்று தொடங்கினால் விடுப்பு விண்ணப்பம் வாசனை அடிக்கும். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே: அம்மா, ம்மா, அம்மாடி, எதுவானாலும். 'நீ' என்று பேசுகிறவர் கடிதத்தில் 'நீங்கள்' என்று மாறக்கூடாது. மரியாதை கூடாது, தூரம்தான் கூடும். 'நீங்க' என்றே பேசிப் பழகியவர் உருக்கத்துக்காக 'நீ' என்று இறங்கவும் வேண்டாம். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். 'சென்றிருந்தாய்' என்பதைவிட 'போயிருந்த' என்பது அவர் காதுக்கு உங்கள் குரலாகவே கேட்கும்.

இனி ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் வரைவு பலருக்கும் இப்படித்தான் வரும்:

"அம்மா, எங்களுக்காக நீ செய்த தியாகங்கள் எண்ணிலடங்காதவை. எங்கள் படிப்புக்காக இரவு பகல் பாராமல் உழைத்தாய். உன் அன்புக்கு ஈடு இணை இல்லை. நீ நடமாடும் தெய்வம்."

பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதில் அம்மாவும் இல்லை. 'இரவு பகல் பாராமல்' என்ற இடத்தில் பேனாவை வைத்து, எந்த இரவு, அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், கையில் என்ன இருந்தது என்று கேட்டால் அதே பத்தி இப்படி மாறும்:

"அம்மா, பத்தாவது பரீட்சைக்கு நான் ராத்திரி படிக்கிறப்ப நீ பக்கத்துல உட்கார்ந்து பழைய சட்டைக்கெல்லாம் பட்டன் தைச்சுக்கிட்டு இருப்ப. ஒருநாள் பார்த்தேன், தைச்ச பட்டனையே பிரிச்சுத் திரும்பத் தைச்சுக்கிட்டு இருந்த. எனக்காக முழிச்சிருக்கன்னு எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே? அன்னிக்கு நான் கேட்கல. இப்ப என் பொண்ணு படிக்கிறப்ப, நானும் கையில ஏதாவது ஒரு வேலையை வெச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்துடறேன்."

இதில் அன்பு, தியாகம், நன்றி, தெய்வம் என்ற நான்கு சொற்களும் இல்லை. வேலை செய்வது தைத்த பட்டனைப் பிரித்துத் தைக்கும் அந்த ஒரு செய்கை. அதை மகன் அன்றே கவனித்திருக்கிறான் என்பது அம்மாவுக்கு இப்போதுதான் தெரியவருகிறது. 'தெரியக்கூடாதுன்னுதானே?' என்று அவரையே கேட்டிருப்பதால் அவர் வாய் திறக்கவும் ஓர் இடம் கிடைக்கிறது. கடைசி வரி, அந்தச் செயல் இன்னும் முடியவில்லை, இன்னொரு வீட்டில் நடக்கிறது என்று காட்டுகிறது. ஒவ்வொரு குறிப்பையும் இந்த மூன்று அடியில் எழுதலாம்: அவர் செய்தது, நான் பார்த்தது, அது இப்போது எங்கே இருக்கிறது. மூன்று பத்தி, ஒவ்வொன்றும் ஐந்தாறு வரி. முன்னால் ஏன் எழுதுகிறேன் என்று ஒரு வரி, பின்னால் ஒரு முடிப்பு. அவ்வளவுதான் கடிதம்.

முடிப்பில் வாக்குறுதி கொடுக்கும் ஆசை வரும். "இனிமே உன்னை ராணி மாதிரி வெச்சுக்குவேன்" என்றால் அவர் நம்ப மாட்டார். நம்பினால் அதைவிடச் சங்கடம். செய்யக்கூடிய ஒன்றைத் தேதியோடு எழுதுங்கள்: "வர்ற சனிக்கிழமை கண் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போறேன், டோக்கன் போட்டாச்சு."

எழுதும்போது கெட்டுப்போகும் இடங்கள்

அதிகம் கெடுப்பது மன்னிப்பு. நன்றிக் கடிதம் பாதியில் மன்னிப்புக் கடிதமாகத் திரும்பிவிடும். "உன்னை எவ்வளவு கஷ்டப்படுத்தியிருக்கேன்" என்று இரண்டு வரி போனதும் அம்மா உங்களைத் தேற்றத் தொடங்கிவிடுவார். கடிதம் அவரைப் பற்றியது என்பது போய் உங்கள் குற்ற உணர்வைப் பற்றியதாகிவிடும். உண்மையிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தால் அது தனி வேலை, வேறொரு நாள்.

அடுத்தது 'ஆனா'. "நீ நிறைய அடிச்சிருக்க, ஆனா அதெல்லாம் எங்க நல்லதுக்குத்தான்னு இப்பப் புரியுது." எழுதியவருக்கு இது பெருந்தன்மை. கேட்பவர் காதில் முன்பாதி மட்டும் தங்கும். ஒப்பீடும் இதே வகை: "அண்ணனுக்குப் புரியலைன்னாலும் எனக்குப் புரியுது" என்றால் அவர் அண்ணனுக்காக வாதாடக் கிளம்பிவிடுவார்.

"நீ இல்லாத உலகத்தை நினைச்சே பார்க்க முடியல" போன்ற வரிகளை வயதான தாய்க்கு எழுதவே கூடாது. டாக்டர் தன்னிடம் மறைத்து உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

கொஞ்சம் நுட்பமான தவறு ஒன்று உண்டு. 'ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, உனக்குன்னு எதுவுமே கேட்டதில்லை' என்று புகழ்ந்துகொண்டே போனால், அவர் இனியும் உட்காரக்கூடாது, இனியும் கேட்கக்கூடாது என்று ஆகிவிடுகிறது. தாய் என்ற வேலைக்கு வெளியே அவருக்கென்று உள்ள ஒன்றையும் ஒரு வரியாவது எழுதுங்கள்: கணக்குப் போடும் வேகம், மற்றவர்களைப்போல் பேசிக் காட்டும் குறும்பு, யாரும் இல்லாதபோது முணுமுணுக்கும் பாட்டு. இந்த ஒரு வரியை அவர் திரும்பத் திரும்பப் படிப்பார்.

யாரோ எழுதிய கவிதையையோ, கணினி எழுதித் தந்த உருக்கமான பத்தியையோ அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் பேச்சை அவருக்குப் பல வருடமாகத் தெரியும், இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தாளும் மையும்

ஏறக்குறைய நாற்பது வயதிலிருந்து கிட்டப் படிக்கும் பார்வை குறையத் தொடங்குகிறது. கண்புரை இருந்தால் எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள நிற வேறுபாடும் மங்கும். அதனால் அழகான இளஞ்சிவப்புத் தாளில் வெள்ளி மையால் எழுதுவது உங்களுக்கு மட்டும்தான் அழகு. வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் தாள், பளபளப்பு கூடாது. கறுப்பு அல்லது அடர்நீல மை. எழுத்தின் உயரம் 5 மி.மீ., வரிக்கு வரி 11 மி.மீ. இந்த அளவில் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு வரிதான் பிடிக்கும். ஆகவே 200 சொல்லுக்கு இரண்டு தாள், ஒரு பக்கம் மட்டும். பின்பக்கமும் எழுதினால் மை ஊடுருவித் தெரிந்து படிக்க விடாது. அச்சிடுவதானால் எழுத்தளவு 16 புள்ளிக்குக் குறைய வேண்டாம். ணை, னை, றி போன்ற எழுத்துகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். ஆனாலும் கையெழுத்துக்கே எங்கள் ஓட்டு, கோணலாக இருந்தாலும்.

ஜெல் பேனா பலவற்றின் மை நீரில் கரையும், ஒரு சொட்டுக் கண்ணீர் போதும். சாதாரண பால்பாயின்ட் பேனா பரவாயில்லை. 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்று போட்ட தாள் கிடைத்தால் நல்லது. மரக்கூழில் உள்ள லிக்னின் நீக்கப்படாத மலிவுத் தாள், செய்தித்தாளைப்போல் பழுப்பேறி நொறுங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்யாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து தாளோடு ஒட்டியபின் பிரிக்க வழியே இல்லை. கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

வாசித்துக் காட்டுவது

கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவது சுலபம். கொடுத்துவிட்டு ஓடுவதற்கும் இருந்து வாசிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எழுத்து வாசனை இல்லாத தாய்க்கோ, பார்வை மங்கிய தாய்க்கோ வாசித்துக் காட்டுவது ஒன்றுதான் வழி.

முந்தின நாள் தனியாக இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். தொண்டை அடைக்கும் இடம் எது என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் ஒரே இடம்தான். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் அந்தக் கோட்டுக்கு முன் நிறுத்தி, மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டுத் தொடர வேண்டும். வாய் குழறும் வரிகளையும் இப்போதே இரண்டாக உடைத்துவிடுங்கள்.

வேலை முடிந்து அவர் உட்காரும் நேரம் எது என்று உங்களுக்கே தெரியும். விருந்தாளி இல்லாத, விசேஷம் இல்லாத, முன்னும் பின்னும் அரைமணி காலியாக உள்ள ஒரு மாலை. டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை என்பது இருவருக்குமே ஆறுதல்.

தொடக்க வாக்கியத்தில் கவனம் தேவை. "அம்மா, உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று சொல்லிவிடாதீர்கள். வேலை போய்விட்டதா, கடனா, குடும்பத்தில் பிரச்சினையா என்று அவர் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பில் முதல் பத்தி காதில் ஏறாது. "ஒண்ணு எழுதியிருக்கேம்மா, நல்ல விஷயம்தான், மூணு நிமிஷம், படிச்சுக் காட்டட்டுமா?" என்றால் போதும்.

வாசித்து முடித்ததும் என்ன நடக்கும்? கண்ணீர் வரலாம், வராமலும் போகலாம். பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள், அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம். "இதுக்கா இவ்வளவு பேப்பரை வீணாக்கின?" என்று கேலி செய்தால் சிரியுங்கள், அவருக்குக் கூச்சத்தைச் சமாளிக்கத் தெரிந்த வழி அது. "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினால் சாப்பிடப் போங்கள். அதுவும் பதில்தான். "அது பத்தாவது இல்லடா, ஒன்பதாவது" என்று திருத்தினால் அதைவிட நல்லது வேறில்லை. எப்படி, எந்த வீடு, வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம். உங்களுக்குக் குரல் உடைந்து மேலே வாசிக்க முடியாவிட்டால் தாளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது, மதிப்பெண் கேட்பது மாதிரி. அவர் அழுவதை வீடியோ எடுப்பது. கடிதத்தைப் படம் எடுத்துச் சமூக வலைத்தளத்தில் போடுவது. போட்டால், ஊருக்காக எழுதியது என்ற ஐயம் அவருக்கு ஒருமுறையாவது வரும்.

தூரத்தில் இருந்தால் தபாலில் அனுப்பி, உறைமேல் "நான் போன் பண்ணினதும் பிரி" என்று எழுதுங்கள். அவர் கையில் தாள் இருக்க, போனில் நீங்கள் வாசிக்கலாம். குரல் பதிவாக அனுப்புவது கடைசி வழி. அதிலும் மூன்று நிமிடம் தாண்ட வேண்டாம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு

கடிதத்தின் சூடு தணியும் என்று முன்பே பார்த்தோம். ஆண்டுக்கு நாலு கடிதம் எழுதுவது இதற்குத் தீர்வில்லை, இரண்டாவதிலேயே சடங்காகிவிடும். அவர் தலையில் இருக்கும் வேலை ஒன்றை முழுதாக உங்கள் தலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. உதவுவது வேறு, மாற்றிக்கொள்வது வேறு. மாத்திரை வாங்கி வருவது உதவி. எந்த மாத்திரை எந்தத் தேதியில் தீரும் என்பதை நீங்களே நினைவில் வைத்து, தீர நாலு நாளுக்கு முன் அது வீட்டில் இருக்கச் செய்வது மாற்றிக்கொள்வது. அவர் ஒருமுறையும் நினைவூட்ட வேண்டியில்லை என்றால்தான் அந்த வேலை கைமாறியதாக அர்த்தம். மின்கட்டணம், போன் ரீசார்ஜ், டாக்டர் முன்பதிவு என்று ஏதாவது ஒன்று. ஒன்றை எடுத்து ஆறு மாதம் தவறாமல் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

"ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்" என்ற பதில் தயாராக இருக்கும். "செவ்வாய்க்கிழமை போலாமா, வியாழக்கிழமையா?" என்று கேளுங்கள். தேர்ந்தெடுக்கக் கேட்டால் மறுப்பது கடினம்.

தினப்படி போன் பேச்சு பெரும்பாலும் 'சாப்பிட்டியா, உடம்பு எப்படி, சரி வெச்சுடறேன்' என்று இருபது விநாடியில் முடிந்துவிடும். வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உன் முதல் சிநேகிதி யார்? என்ன படிக்க ஆசைப்பட்ட? எனக்குப் பேர் வெச்சது யார், வேற என்ன பேர் யோசிச்சீங்க? அவர் சம்மதித்தால் பதிவும் செய்யலாம். நேரில் பதிவு செய்யும்போது போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒன்று ஒன்றரை அடி தள்ளி, மடித்த துணிமேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டும் ஓசையெல்லாம் ஏறும். மின்விசிறியைக் குறைத்துவிடுங்கள், அந்த இரைச்சல் நேரில் தெரியாது, பதிவில் தெரியும். கோப்புக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்து, மூன்று நகல், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், ஒன்று வேறொரு வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். போன் தொலைந்தால் குரலும் தொலைந்தது என்று ஆகக்கூடாது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை

அம்மாவோடு உறவு கசந்திருந்தால் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. செய்ய மனமிருந்தால் ஐந்தே வரி எழுதுங்கள், அதில் உண்மையான ஒரே ஒரு நினைவு. இல்லாத அன்பை இட்டுக்கட்ட வேண்டாம், பழைய காயத்தையும் அதே தாளில் திறக்க வேண்டாம். பதில் வராவிட்டாலும் தாங்கிக்கொள்ள முடியும் என்ற நாளில்தான் அனுப்ப வேண்டும்.

நினைவிழப்பு நோய் உள்ள தாய்க்கு அண்மைக் காலத்துக் குறிப்பை விட்டுவிட்டு, அவருடைய இளமைக்காலத்து நினைவை எடுங்கள். பழையவை அதிக நாள் தங்கும். "ஞாபகம் இருக்காம்மா?" என்ற கேள்வி அவருக்குத் தேர்வு எழுதுவது மாதிரி, விடை தெரியாமல் கலங்குவார். "நீ அழகாக் கோலம் போடுவ" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சின்ன வாக்கியம், பழகிய குரல், கையைப் பிடித்துக்கொண்டு. அதே கடிதத்தை அடுத்த வாரமும் வாசிக்கலாம். அவருக்கு அது புதுக்கடிதம்.

அம்மா இல்லை என்றாலும் இதை எழுதலாம். மேலே சொன்ன முறையில் எதுவும் மாறாது, வாசித்துக் காட்டும் ஆள் மட்டும் மாறுவார். அவருடைய அக்காவோ தங்கையோ, நெடுநாள் சிநேகிதியோ இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாசியுங்கள். பாதியில் அவரே குறுக்கிட்டு, "உனக்கு அது தெரியாதே" என்று ஏதாவது சொல்லத் தொடங்குவார். கையில் பேனா இருக்கட்டும்.